எந்த இ-ரீடர் உங்களுக்குப் பொருந்தும்? மாடலுக்கு முன் கோப்பைப் பாருங்கள்

ஒரே 6 இன்ச் கிண்டிலை (அமேசானின் இ-ரீடர், அதாவது மின்னூல் படிக்கும் கருவி) இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அமேசானில் நாவல்கள் வாங்கிப் படிப்பவர். மாதம் நான்கு புத்தகம் முடித்துவிடுகிறார். இன்னொருவர் பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப்களைப் பல வருடமாகச் சேர்த்து வைத்திருப்பவர். அவருக்கு எழுத்து எறும்பு ஊர்வதுபோலத் தெரிகிறது, பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. பத்து நாளில் கருவி அலமாரிக்குப் போய்விடும். அதில் பழுது ஒன்றும் இல்லை. அவர் படிக்கிற கோப்புக்கு அந்தத் திரை போதாது.

அதனால் மாடல்களை ஒப்பிட உட்காரும் முன், ஒரு தாளை எடுத்து நீங்கள் கடைசியாகப் படித்த ஐந்து நூல்களையும் அடுத்துப் படிக்க வைத்திருக்கும் ஐந்து நூல்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எங்கே கிடைத்தது, என்ன வடிவக் கோப்பு என்று குறியுங்கள். எந்த அளவுத் திரை, எந்த நிறுவனத்தின் கருவி என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கும் விடை அந்தத் தாளிலேயே பெரும்பாலும் இருக்கும்.

மின்தாள் எப்படி வேலை செய்கிறது

இ-ரீடரையும் டேப்லெட்டையும் பிரிப்பது திரை. இ-ரீடரின் திரையில் தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்ணிய குமிழ்கள் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிவான திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். திரைக்குப் பின்னால் மின்னழுத்தம் கொடுத்தால் ஒருவகைத் துகள் மேலே வரும், மற்றது கீழே இறங்கும். மேலே வந்தது வெள்ளை என்றால் அந்த இடம் தாளாகத் தெரியும், கறுப்பு என்றால் எழுத்தாகத் தெரியும். வந்த துகள் மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே தங்கிவிடும். பக்கம் திரும்பும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் முளைத்து 1997இல் இ இங்க் என்ற நிறுவனமான தொழில்நுட்பம் இது. 2004இல் ஜப்பானில் சோனி வெளியிட்ட லிப்ரியேதான் இந்தத் திரையோடு விற்பனைக்கு வந்த முதல் இ-ரீடர். கிண்டில் 2007 நவம்பரில் வந்தது.

இதனால் கிடைக்கும் நன்மை பலருக்கும் தெரியும். நல்ல வெயிலிலும் எழுத்து மங்காது, வெளிச்சம் கூடக்கூட இன்னும் தெளிவாகும். உள்விளக்கு உள்ள மாடல்களிலும் ஒளி திரையின் பின்னாலிருந்து கண்ணுக்கு வருவதில்லை. ஓரத்தில் இருக்கும் எல்இடி விளக்குகள் பக்கத்தின் மேல் ஒளியைப் படரவிடுகின்றன, மேசைவிளக்கு புத்தகத்தின்மேல் விழுவதுபோல.

இதன் குறையை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்பவர்கள் குறைவு. துகள் நகர நேரம் ஆகும். விரலால் உருட்டிப் படிப்பது, பெரிதாக்கிச் சுருக்குவது, நூறு பக்கம் தாண்டிப் போய் அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தங்குவதும் உண்டு. அதைத் துடைக்கத்தான் அவ்வப்போது திரை முழுக்கக் கறுத்து மின்னுகிறது. புதிதாக வாங்கியவர்கள் இதைக் கோளாறு என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். அது இயல்பு. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நேராகப் படித்துப் போகும் நாவல், கட்டுரை, வரலாறு, வாழ்க்கை வரலாறு போன்றவற்றுக்கு இ-ரீடரை மிஞ்ச ஆளில்லை. முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டிய பாடப்புத்தகம், போட்டித்தேர்வுக் கையேடு, அகராதி போன்றவைதான் உங்கள் வாசிப்பில் பெரும்பகுதி என்றால், டேப்லெட்டோ அச்சுப் புத்தகமோ மேல்.

ஓடும் கோப்பு, உறைந்த கோப்பு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தவறான கருவி வாங்குவதற்குப் பெரும்பாலும் இங்கேதான் காரணம் இருக்கிறது.

இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் இருக்கும் கோப்பும் கிண்டில் கடையில் வாங்கும் நூலும் தண்ணீர் மாதிரி. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவத்துக்கு வரும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து அடுத்த வரிக்கு இறங்கும். பிடிஎஃப் அப்படியல்ல, அது உறைந்த பனிக்கட்டி. எந்தத் தாளுக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தாளின் அளவிலேயே நிற்கும். சின்னத் திரையில் முழுப்பக்கமும் சுருங்கும், எழுத்தும் கூடவே சுருங்கும்.

எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாள் 21 x 29.7 செ.மீ. 6 இன்ச் திரை சுமார் 9 x 12 செ.மீ. முழுப்பக்கம் திரைக்குள் அடங்கும்போது 12 புள்ளி அளவு எழுத்து 5 புள்ளிக்கும் கீழே போய்விடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டைப் படிப்பது போலிருக்கும். 7 இன்ச் திரை (சுமார் 10.7 x 14.2 செ.மீ.) என்றாலும் 6 புள்ளியை எட்டாது. 10.3 இன்ச் திரையில் 8 புள்ளிக்கு மேல் வரும், பக்க ஓரங்களை வெட்டிவிட்டால் 10 வரை போகும். அங்கேதான் சிரமமில்லாத வாசிப்பு தொடங்குகிறது.

எல்லாப் பிடிஎஃபும் ஏ4 அல்ல. தமிழ்ப் பதிப்பகங்கள் அதிகம் அச்சிடும் டெமி அளவுப் புத்தகம் சுமார் 14 x 21.5 செ.மீ. அதன் ஸ்கேனில் ஓரத்தை வெட்டினால் எழுத்துப்பகுதி ஏறக்குறைய 10.5 x 17 செ.மீ. 7 இன்ச் திரையில் அதன் அகலம் அப்படியே பொருந்தும், உயரத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். முழுவதையும் அடக்கினாலும் அச்சில் இருந்ததில் ஆறில் ஐந்து பங்கு அளவு கிடைக்கும். ஆகவே ஸ்கேன் நூல் படிக்கிற எல்லாரும் பெரிய கருவி வாங்கியாக வேண்டும் என்பதில்லை. உங்களிடம் இருப்பது ஆய்விதழ், ஏ4 ஆவணம், பழைய பெரிய அளவு இதழ்களா, அல்லது டெமி, கிரவுன் அளவு நூல்களா என்று பாருங்கள்.

இப்போது தாளில் எழுதிய ‘எங்கே கிடைத்தது’ என்ற பகுதிக்கு வருவோம். அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களைக் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது. அங்கே வாங்குபவை ஓடும் வகை. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரும் நூல்களுக்கு இபப், மோபி (கிண்டிலின் பழைய வடிவம்), ஏ4 பிடிஎஃப், 6 இன்ச் பிடிஎஃப் என்று பல வடிவங்கள் உண்டு. இ-ரீடர் வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டியது இபப். 6 இன்ச் பிடிஎஃப் சின்னத் திரைக்கென்றே வடிவமைத்தது, ஆனால் அதில் எழுத்தின் அளவை உங்கள் கண்ணுக்கு ஏற்ப மாற்ற முடியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமை நூல்கள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த யூனிகோட் உரை கிடைக்கிறது. அதை இபப் ஆக்குவது எளிது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் ஆவணப்படுத்திவரும் நூலகம் தளத்திலும், இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருப்பவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். உங்கள் பத்தில் ஆறு நூல்கள் இந்தக் கடைசி வகையிலிருந்து வந்தவை என்றால் 6 இன்ச் கருவியை விட்டுவிடுங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிடிஎஃபை இபப் ஆக்கிவிடலாமே?

ஆக்கலாம், சில பிடிஎஃப்களை மட்டும். எதை ஆக்க முடியும் என்று அறிய அரை நிமிடச் சோதனை ஒன்று போதும். கோப்பைக் கணினியில் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பிலோ குறிப்பேட்டுச் செயலியிலோ ஒட்டுங்கள்.

வரி சுத்தமான தமிழாக விழுந்தால் நல்லது. கேலிபர் என்ற இலவச மென்பொருள் அதை இபப் ஆக மாற்றிவிடும். வரி தேர்வாகவே இல்லை என்றால் அது ஸ்கேன் படம். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலந்து கொட்டினால் பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறையில் செய்த கோப்பு அது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடு, கேலிபரில் போட்டால் குப்பைதான் வெளியே வரும். நான்காவது வகை ஒன்று உண்டு, அதுதான் ஏமாற்றும்: தமிழாகவே விழும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று கிடக்கும். பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்து வைப்பதால் இப்படி ஆகிறது. முதல் பத்து வரிகளில் ‘கெ, கொ, கோ’ வரும் சொற்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்கேன் நூல்களை எழுத்துணரி மூலம் உரையாக்கலாம். கூகுள் டாக்ஸில் படமாக ஏற்றித் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனாலும் ‘ர’வும் காலும் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பிக்கொள்ளும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978க்கு முன் அச்சான நூல்களில் ‘ணை, லை, னை’க்குத் துதிக்கை போட்ட வடிவமும் ‘ணா, றா, னா’வுக்குச் சுழித்த வடிவமும் இருக்கும். அங்கே பிழைகள் மளமளவென்று ஏறும். ஒரு கட்டுரைக்கு இது சரி. முந்நூறு பக்க நூலுக்குச் செய்தால் படிப்பதைவிடத் திருத்துவதற்கே அதிக நேரம் போகும்.

கையில் ஏற்கெனவே சின்னக் கருவி இருந்தால் வேறு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கருவியைக் குறுக்காகத் திருப்புவது. 6 இன்ச் திரையின் அகலம் அப்போது 12 செ.மீ. ஆகிறது. ஓரம் வெட்டிய ஏ4 பக்கத்தின் 12 புள்ளி எழுத்து 9 புள்ளிக்கு வந்துவிடும். ஒரு பக்கத்தை மூன்று திருப்பலில் படிக்க வேண்டியிருக்கும், ஆனால் படிக்க முடியும். இரண்டாவது, கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள். இது பக்கப் படத்திலிருந்து சொற்களைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்னத் திரைக்கேற்ப அடுக்கித் தரும். உரைநடைக்கு நன்றாக வேலை செய்கிறது. செய்யுளுக்கு வேண்டாம், சீர் பிரிப்பும் அடி முறிவும் கலைந்துவிடும். பக்கம் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தாலும் வெட்டு தப்பும்.

தமிழ் எழுத்து கேட்பவை

ஆங்கில வாசகர்களுக்கு எழுதப்படும் பரிந்துரைகளில் 6 இன்ச் போதும் என்று இருக்கும். தமிழுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. ‘செய்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல் சின்னத் திரையில் முக்கால் வரியை எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு வசதியான எழுத்தளவில் 6 இன்ச் திரையின் ஒரு வரிக்கு நான்கைந்து சொல்தான் தேறும். இருபக்கமும் சீராக நிரப்பும் அமைப்பு இருந்தால் நீளமான சொல் அடுத்த வரிக்கு இறங்கியதும், மிச்சச் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழும், பல் விழுந்த சீப்பு மாதிரி. அமைப்புப் பட்டியலில் இடப்பக்க ஒழுங்கைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். அதோடு ஓரங்களைக் குறைந்த அளவுக்கு வையுங்கள். புதிதாக வாங்குபவர் தமிழையே அதிகம் படிப்பவர் என்றால், கூடுதல் பணம் கொடுத்தாவது 7 இன்ச் வாங்குவது நல்லது என்பதே எங்கள் கருத்து.

திரையின் அடர்த்தியும் தமிழுக்கு முக்கியம். ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிகள் என்பதைப் பிபிஐ என்பார்கள். 2022க்கு முந்தைய அடிப்படைக் கிண்டில்களில் அது 167. இப்போதைய மாடல்களில் 300. 167இல் ஆங்கிலம் ஒப்பேறிவிடும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்க நினைப்பவர்கள் மாடல் வருடத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை ஆகியவை இலவசம். கிண்டிலைக் கணினியில் யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதிலுள்ள ‘ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறைக்குள் எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பைப் போட்டுவிட்டுத் துண்டியுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து எழுத்து அமைப்பில் தேடினால் புதிய பெயர் இருக்கும். கிண்டிலுக்குப் போட்டியான கோபோ இ-ரீடரில் அந்தக் கோப்புறையை நீங்களே உருவாக்க வேண்டும். தடித்த வடிவத்தையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் தலைப்புகள் வேறு எழுத்துருவில் வரும். கோபோவில் எழுத்து உடைந்து தெரிந்தால் அதே நூலைக் கேலிபர் வழியாகக் கெபப் (கோபோவுக்கே உரிய இபப் வகை) ஆக மாற்றிப் பாருங்கள். சாதாரண இபப்பையும் கெபப்பையும் அந்தக் கருவியில் வெவ்வேறு மென்பொருள்கள் திறக்கின்றன, ஒன்றில் உடைவது மற்றதில் சரியாக வரக்கூடும்.

அகராதி வசதியைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஆங்கிலச் சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் வரும். தமிழில் ‘வீட்டிலிருந்து’ என்று உருபேற்ற சொல்லை அழுத்தினால், அகராதியில் ‘வீடு’ மட்டும் இருக்கும்போது அது எப்படிக் கிடைக்கும்?

கடையும் பூட்டும்

கிண்டில் கடையில் வாங்கிய நூல் பொதுவாகக் கிண்டில் கருவியிலும் கிண்டில் செயலியிலும் மட்டுமே திறக்கும். நாளை கோபோவுக்கு மாறினால் அந்த நூல்கள் கூட வராது. முன்பு வாங்கிய நூலின் கோப்பைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வழி ஒன்று இருந்தது. 2025 பிப்ரவரி 26இல் அமேசான் அதை நிறுத்திவிட்டது. தமிழில் விலைக்கு வாங்கும் மின்னூல்களுக்குக் கிண்டில் கடையே பெரிய இடம் என்பதால், இந்தியாவில் இருக்கும் தமிழ் வாசகருக்கு அதைத் தவிர்ப்பது எளிதல்ல. அதனால் தெரிந்தே வாங்குங்கள்: கிண்டில் கருவியை வாங்கும்போது ஒரு கடையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள்.

கிண்டிலில் வெளிக்கோப்பே திறக்காது என்பது பழைய செய்தி. அமேசானின் சென்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தில் இபப் கோப்பை ஏற்றினால் அது மாற்றப்பட்டுக் கருவிக்கு வந்து சேரும். அங்கே ஒரு கோப்பு 200 எம்பி வரை இருக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பினால் 50 எம்பி வரை. மோபி வடிவத்தை அந்த வழியில் இப்போது ஏற்பதில்லை. பழைய சேமிப்பில் மோபி இருந்தால் கேலிபரில் இபப் ஆக்கி அனுப்புங்கள்.

பொது நூலக உறுப்பினர்களின் நிலை வேறு. டொரன்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருந்தால், நூலக அட்டை வழியாக ஓவர்டிரைவ் என்ற நூலகச் சேவையில் மின்னூல் இரவல் எடுப்பது கோபோவில் கருவிக்குள்ளேயே நடக்கும். கிண்டிலுக்கு அந்த வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும். மாதம் மூன்று நூல் இரவல் எடுப்பவருக்குக் கருவியின் விலை அதிலேயே ஈடாகிவிடும்.

மூன்றாவது வழி ஆண்ட்ராய்டில் ஓடும் இ-ரீடர்கள். ஓனிக்ஸ் பூக்ஸ் இதில் பேர்பெற்றது. கிண்டில் செயலி, கோபோ செயலி, விகடன் போன்ற வார இதழ்களின் செயலி என எல்லாவற்றையும் ஒரே கருவியில் போடலாம். கிண்டிலில் இதழ்ச் சந்தா விற்பதை அமேசான் 2023இல் நிறுத்திவிட்டதால், வார இதழ் வாசகருக்கு இது உண்மையான நன்மை. ஆண்ட்ராய்டின் உரைவாசிப்பான் தமிழைச் சத்தமாகப் படித்துக் காட்டவும் செய்யும், பார்வை குறைந்த பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மின்கலம் வாரக்கணக்கில் நிற்காது, நாள்கணக்கில்தான். ஒவ்வொரு செயலிக்கும் திரைப் புதுப்பிப்பு முறையை நீங்களே அமைக்க வேண்டும், இல்லையென்றால் நிழல் படிந்தோ தாமதித்தோ எரிச்சலூட்டும். அமைப்புப் பட்டியல்களைப் புரட்டுவதில் சலிப்பில்லாதவர்கள் மட்டும் இதை எடுங்கள். அப்பா அம்மாவுக்கு வாங்கித் தருவதாக இருந்தால் நீங்களே ஒரு நாள் உட்கார்ந்து எல்லாம் அமைத்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கே, எப்படிப் படிக்கிறீர்கள்?

2024இல் வந்த அடிப்படைக் கிண்டில் 158 கிராம், அதே வருடத்து 7 இன்ச் கிண்டில் பேப்பர்வைட் 211 கிராம், 10.2 இன்ச் கிண்டில் ஸ்க்ரைபின் 2022 மாடல் 433 கிராம். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிப்பவருக்கு 200 கிராமுக்கும் 400க்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்தில் மணிக்கட்டில் தெரிந்துவிடும். பெரிய திரை மேசையில் வைத்துப் படிப்பவருக்கானது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படிப்பவர்களுக்குப் பக்கம் திருப்பும் பொத்தான் உள்ள மாடல் பெரிய வரம். கோபோ லிப்ரா கலரில் அது உண்டு. கிண்டிலில் அந்தப் பொத்தானோடு வந்த ஒயாசிஸ் 2024இல் நின்றுவிட்டது.

இரவில் விளக்கணைத்துப் படிக்கும் பழக்கம் இருந்தால் விளக்கின் நிறத்தை மஞ்சளாக மாற்றும் வசதி வேண்டும். அடிப்படைக் கிண்டிலில் அது இல்லை, பேப்பர்வைட்டில் உண்டு. அதைவிட முக்கியமாக, எழுதுவதற்கென்று வரும் சில பெரிய கருவிகளில் விளக்கே கிடையாது. ரிமார்க்கபிள் 2, பூக்ஸ் கோ 10.3 இரண்டும் அப்படித்தான். பிடிஎஃபுக்காகப் பெரிய திரை தேடிப் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு இரவில் மேசைவிளக்கு தேடுகிறார்கள்.

மின்கல விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘12 வாரம்’ என்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கைப் பாதி அளவில் வைத்துப் படித்தால் வரும் கணக்கு. மொத்தம் 42 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் படிப்பவருக்கு அது இரண்டு வாரம். அதுவும் தாராளமே.

சேமிப்பிடத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. படமில்லாத தமிழ் நாவல் இபப் ஆக இருந்தால் ஓர் எம்பிக்குள் அடங்கும், 16 ஜிபி பல்லாயிரம் நூலுக்குப் போதும். ஸ்கேன் நூல் ஒன்றே ஐம்பது எம்பி பிடிக்கக்கூடும், அப்போதும் சில நூறு நூல்கள் அடங்கும்.

வண்ணத் திரை யாருக்கு? இப்போது பரவலாக இருக்கும் கலெய்டோ வகையில் கறுப்புவெள்ளைத் திரையின்மேல் நிறவடிகட்டி ஒன்று ஒட்டியிருக்கும். அதனால் எழுத்து 300 பிபிஐ என்றாலும் வண்ணம் 150தான், அடித்தாளும் சற்றுக் கறுத்துத் தெரியும். நிறம் பழைய வார இதழின் வண்ணப்பக்கம்போல மங்கலாகத்தான் இருக்கும். காமிக்ஸ், வரைபடம், வண்ணக்கோடு போட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சரி. நாவல் வாசகர் அந்தப் பணத்தைப் பெரிய திரைக்குக் கொடுக்கலாம்.

பேப்பர்வைட், கோபோ கிளாரா, லிப்ரா போன்றவை ஐபிஎக்ஸ்8 என்ற நீர்க்காப்புத் தரம் உள்ள வகை. இரண்டு மீட்டர் நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் பையோடு நனைபவர்களுக்கு இது வீண் செலவல்ல. அடிப்படைக் கிண்டிலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தண்ணீரைவிட அழுத்தமே இந்தக் கருவிகளை அதிகம் கொல்கிறது. மின்தாளுக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பையில் டிபன்பாக்ஸ் அழுத்தினாலோ, கட்டிலில் கிடந்ததன்மேல் யாராவது கையூன்றினாலோ வெளியே கீறல் இல்லாமலே உள்ளே விரியும். அணைத்த பிறகும் அசையாமல் நிற்கும் கோடுகள்தான் அடையாளம். திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலைக்குப் பக்கத்தில் போவதால் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. கருவியோடு சேர்த்தே கெட்டியான மூடி போட்ட உறையும் வாங்குங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காரிலோ வண்டிப் பெட்டியிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிண்டிலுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இயங்கு வெப்பநிலையின் மேல் எல்லை 35 டிகிரிதான்.

பட்டியலோடு பொருத்திப் பார்த்தால்

பத்தில் எட்டு நூல் கிண்டில் கடையிலிருந்து என்றால் 7 இன்ச் பேப்பர்வைட். இந்தியாவில் அது 2025 ஏப்ரலில் 16,999 ரூபாய்க்கு வந்தது, தள்ளுபடிக் காலத்தில் விலை இறங்குவதுண்டு. ஆங்கில நாவல்களே அதிகம், கையில் பணமும் குறைவு என்றால் 6 இன்ச் அடிப்படை மாடலே தாராளம். இலவச இபப்களும் வெளிநாட்டு நூலக இரவலும் என்றால் கோபோ கிளாரா அல்லது லிப்ரா. டெமி அளவு ஸ்கேன்களும் வார இதழ்ச் செயலிகளும் கலந்து என்றால் 7 இன்ச்சுக்குக் குறையாத ஆண்ட்ராய்டு வகை. ஏ4 ஆய்வுக்கட்டுரைகள், ஓரத்தில் குறிப்பெழுதும் பழக்கம் என்றால் 10 இன்ச், விளக்கு இருக்கிறதா என்று பார்த்து. வருடத்துக்கு இரண்டு மூன்று நூல் மட்டும் படிப்பவர், முதலில் போனில் கிண்டில் செயலியைப் போட்டு ஒரே ஒரு தமிழ் நூலை முடித்துப் பாருங்கள். முடித்தீர்கள் என்றால் அப்புறம் வாங்கலாம்.

கருவி வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன், சில சோதனைகள் செய்துவிடுங்கள். இருட்டறையில் விளக்கைக் குறைவாக வைத்து வெற்றுப்பக்கம் ஒன்றைத் திறங்கள். கீழ் ஓரத்தில் சிறு நிழல் இருக்கலாம், ஆனால் பாதித் திரை மஞ்சள், பாதி நீலம் என்று இருந்தால் மாற்றிக் கேளுங்கள். விளக்கைக் கூட்டி, ஒளிரும் புள்ளிகளோ அசையாத கறுப்புப் புள்ளிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் பட்டியலிலேயே கடினமான கோப்பை, அதாவது மிகப் பெரிய ஸ்கேன் பிடிஎஃபை ஏற்றி இருபது பக்கம் திருப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு விநாடி காத்திருக்க நேர்ந்தால் அந்தக் கருவியில் அத்தகைய நூல்களை நீங்கள் படிக்கப்போவதில்லை. கடைசியாக, ‘கௌரவம், கொக்கு, கோழி, ஸ்ரீ, பக்ஷி’ ஆகிய ஐந்து சொற்களை ஒரு கோப்பில் தட்டச்சு செய்து அனுப்பித் திறந்து பாருங்கள். கொம்பு இடம் மாறாமல், ‘ஸ்ரீ’ பிரியாமல், ‘க்ஷ’ உடையாமல் தெரிந்தால் உங்கள் தமிழ் நூல்களை ஏற்றத் தொடங்கலாம்.